ஒரு நீளமான ஜெர்மன் சொல்

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். தேயிலைத் தோட்டத்து லயத்து அறையில் பிறந்து, ஹட்டன் டவுனில் சொந்தமாக ஹார்ட்வெயார் கடை போட்டேன், யாரும் தூக்கிவிடவில்லை. என் மகள் ஜெர்மனிக்கு நர்ஸாகப் போக மொழி படித்தபோது, கண்டி நடைபாதையில் பழைய ஜெர்மன் புத்தகம் ஒன்றைத் தேடிப்பிடித்துக் கொடுத்ததும் நான்தான்.

அதில் நர்ஸுக்கு 'கிராங்கன்ஷ்வெஸ்டர்' என்றிருப்பதாக அவள் வாசித்துச் சொன்னாள். நோயாளிகளின் சகோதரி. முன்பு கன்னியாஸ்திரிகளே நோயாளிகளைப் பார்த்ததால் வந்த பெயராம். எங்கள் மாதா கோயில் கன்னியாஸ்திரிகளையும் சிஸ்டர் என்றுதானே கூப்பிடுகிறோம்? "சந்தேகமே வேணாம், இதையே சொல்லு" என்று அடித்துச் சொன்னேன்.

நேர்முகப் பரீட்சை கம்ப்யூட்டரில். என் கடையில்தான் இன்டர்நெட் ஒழுங்காக வரும். ஆணியும் திருகாணியும் அடுக்கிய தட்டுகளுக்கு முன்னால் அவளை உட்காரவைத்து, ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வாசலில் நின்றேன். சாமான் வாங்க வந்தவர்களைச் சைகையிலேயே திருப்பி அனுப்பினேன். மழை பிடித்தது. உள்ளே பேச்சு நின்றது.

"லைன் போச்சுப்பா. பத்து நிமிசத்துல திரும்ப எடுப்பாங்க." அவள் முகம் வெளுத்திருந்தது. "நீங்க சொன்ன சொல்ல இப்ப யாரும் சொல்றதில்லையாம். புதுச் சொல்லு ஒன்ன எழுதிக் காட்டி, விளக்கம் கேக்குறாங்க. பெரிய வாத்தியாரு மாதிரி பொஸ்தகம் வாங்கிக் குடுத்தீங்களே!"

அந்தப் புதுச் சொல்லை எழுதிவைத்த தாளை நீட்டினாள்.

'ஃப்ளேகஃபாக்ஃப்ராவ்.' முன்துண்டு பராமரிப்பு, கடைசித் துண்டு பெண். நடுவில் நின்ற 'ஃபாக்' மட்டும் அவளுக்குப் பிடிபடவில்லை. போனில் தேடினாள். "அலுமாரித் தட்டுன்னு போட்டிருக்கு. நர்ஸுக்கும் அலுமாரிக்கும் என்னாப்பா சம்பந்தம்?"

அவள் பின்னால் கையைக் காட்டினேன். "இங்க ஒவ்வொரு தட்டுலயும் ஒரு சாமான். தொழில் தெரிஞ்சவன் கண்ண மூடிக்கிட்டு எடுப்பான். தெரியாதவன் தடவிக்கிட்டு நிப்பான். நர்ஸு தொழிலும் அப்படித்தான் இருக்கணும் பிள்ள."

இன்னும் கீழே படித்தாள். "ஆமாப்பா! தட்டுங்கிறதுதான் பெறகு தொழில் துறைன்னு ஆயிருக்கு."

கம்ப்யூட்டர் ஒலித்தது. வாசலுக்கு ஓடினேன். ஜெர்மன் எனக்கு ஓர் எழுத்தும் தெரியாது. அவள் குரல் ஏறுவதும் தயங்குவதும்தான் கேட்டது. நாற்காலி நகர்ந்தது. எழுந்துவிட்டாளோ என்று குனிந்து பார்த்தேன். ஒதுங்கி உட்கார்ந்து, பின்னாலிருந்த தட்டுகளைக் கேமராவுக்குக் காட்டிக்கொண்டிருந்தாள். பரீட்சை வைத்த அம்மா சிரித்தார். நல்ல சிரிப்பா, கேலியா? தெரியவில்லை. சீமெந்து மூட்டையில் உட்கார்ந்துவிட்டேன்.

அரை மணி கழித்து ஷட்டருக்கடியில் குனிந்து வந்தாள்.

"எடுத்துட்டாங்கப்பா. மூணு மாசத்துல போகணும்."

"நான்தான் சொன்னேனே" என்றேன். ஷட்டரை முழுதாகத் தூக்கிவிட்டேன். "அங்க ரொம்பக் குளிராமே?"

"நம்ம ஹட்டன் குளிரு மட்டும் என்னாவாம்?" என்று சிரித்தாள்.