கயிறு பிடித்த பொடியன்

எங்கள் வீட்டில் கடல் என்ற சொல்லை யாரும் சொல்வதில்லை. யாரும் சட்டம் போடவில்லை. அப்படியே வந்துவிட்டது. டிவியில் கடல் வந்தால் மனைவி எழும்பிக் குசினிக்குள் போவாள். நான் சானலை மாற்றுவேன். மீன் மட்டும் வாங்குவோம், மீன் வேறெங்கோ விளைகிற மாதிரி.

அந்த வீட்டுக்குத்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்த கையோடு, மகளும் மருமகனும் பாய்க்கப்பல் கதையோடு வந்தார்கள்.

மருமகன் மலேசியத் தமிழ்ப் பிள்ளை. இங்கே படிக்க வந்து, வேலை கிடைத்துத் தங்கிவிட்டவர். இல்ஃபோர்ட்டில் வீடு. சனிக்கிழமைகளில் சிங்ஃபோர்ட் பக்கத்து நீர்த்தேக்கத்தில் பாய் விரித்து ஓடப் பழகினார். இப்போது கரீபியன் தீவுகளுக்குப் போக வேண்டுமாம். அங்கே பாய்க்கப்பல் ஒன்றை ஒரு கிழமைக்கு, ஏழு நாளுக்கு, வாடகைக்கு எடுக்கலாம். ஓட்டுகிறவரும் ஒரு உதவியாளும் கூட வருவார்கள். கிரெனடாவில் ஏறி, தீவு தீவாக வடக்கே போய் இறங்குவது. நான்கு பேருக்கு இடம். அவர்கள் இருவர், நாங்கள் இருவர்.

"மாமா, நீங்கதான் கேப்டன். நான் உங்க கூலி."

"எனக்கு நீந்தவே மறந்துபோச்சு."

"மன்னார்க் கரையில மீன் பிடிச்ச ஆளுக்கு நீச்சல் மறக்குமா? சும்மா கதை விடுறீங்க லா."

மனைவி கோப்பைகளை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போனாள். தண்ணீர்க் குழாய் திறந்த சத்தம் கேட்டது. மருமகனுக்கு அப்போதுதான் முகம் மாறியது.

மகள் விடவில்லை. குசினி வாசலில் போய் நின்றாள்.

"அம்மா, உங்களுக்கு அறுபது வருது. எத்தினை வருசமா பூசையும் கடையும் இந்த வீடும். இஞ்சை கிட்ட இருக்கிற சவுத்எண்டுக்குக்கூட நாங்கள் போகேல்லை. அண்ணாவை நினைச்சு அழுகிறதெண்டாலும் ஒருக்கால் தண்ணிக்குக் கிட்டப் போய் அழுவம்."

"நான் அழேல்லையே," என்றாள் மனைவி.

அது உண்மை. அவள் அழுததை நான் கண்டதில்லை.

எங்களுக்கு மகளுக்கு முன்னால் ஒரு மகன். நான் முதலில் லண்டனுக்கு வந்தேன். வருசக்கணக்காகக் காத்திருந்து மற்றவர்களுக்கு விசா வந்தபோது மகனுக்குப் பதினெட்டு தாண்டிவிட்டது. சிறுபிள்ளையாக இருந்தால்தான் தாயோடு வரலாம் என்றார்கள். அவன் அங்கே நின்றான். நாலு வருசம் நின்றான். பிறகு ஒரு நாள் போன் எடுத்தான். ஆஸ்திரேலியாவுக்குப் படகு போகுது, நாளைக்கு வெளிக்கிடுறன் என்றான். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. அவன் கேட்கவும் இல்லை. "உடுப்புக் கூடுதலாக் கொண்டு போ. உப்புத் தண்ணி பட்டா லேசிலை காயாது," என்றேன். "ஓமப்பா," என்றான். அந்தப் படகைப் பற்றி அதன் பிறகு யாரும் எதுவும் சொல்லவில்லை. கரை சேர்ந்தது என்றும் இல்லை, மூழ்கியது என்றும் இல்லை.

நவம்பர் மாதத்தில் கோயிலில் இறந்தவர்களுக்காகப் பூசை நடக்கும். எல்லோரும் தங்கள் ஆட்களின் பெயரைக் கொடுப்பார்கள். நாங்கள் கொடுப்பதில்லை. சுவாமியார் ஒருமுறை மெதுவாகக் கேட்டார். "அவன் பயணத்திலை இருக்கிறான் ஃபாதர்," என்றாள் மனைவி. பயணத்தில் இருக்கிறவர்களுக்காக ஒரு பூசை வைக்கச் சொல்லிக் கேட்டாள். அவரும் வைத்தார்.

எங்கள் பக்கத்தில் கிறிஸ்மஸுக்கு வீட்டில் எல்லோருக்கும் புது உடுப்பு எடுப்போம். ஒருவரையும் விடக்கூடாது. அவனுக்கும் எடுப்பாள். ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் ஒரு சேட்டு. எல்லாம் மீடியம் சைஸ். சின்ன அறை அலுமாரியில் மடித்து அடுக்கியிருக்கிறது. நான் சில வேளை திறந்து பார்ப்பேன். கடை மணம்தான் வரும். ஆள் மணம் வராது. இத்தனை வருசத்துக்குப் பிறகும் அப்படித்தான். திறந்தால் மூடுகிறபோது சத்தமில்லாமல் மூடுவேன். உள்ளே யாரோ படுத்திருக்கிற மாதிரி ஒரு எண்ணம்.

அன்று மகள் போகிறபோது தாயின் போனுக்குக் கப்பலின் படங்களை அனுப்பிவிட்டுப் போனாள். அவள் பார்க்கமாட்டாள் என்று நினைத்தேன்.

அடுத்த நாள் பாண் சுடுகிற ஃபாக்டரியில் ஷிப்ட் முடிந்து வந்தேன். அடுப்பு மூட்டியிருக்கவில்லை. அவள் கண்ணாடி போட்டுக்கொண்டு கதிரையில் இருந்தாள்.

"இஞ்சேருங்கோ. இதைப் பாருங்கோ."

வெள்ளைக் கப்பல். பாய் பாதி ஏறியிருந்தது. ஒரு பொடியன் சரிந்து நின்று கயிறு இழுக்கிறான். கறுத்த மெலிந்த பொடியன். முகம் பக்கவாட்டில் தெரிந்தது.

"காதைப் பாருங்கோ."

பார்த்தேன். வெளியே தள்ளிய காது. என்னுடைய காது. என் தகப்பனுடைய காது. கயிற்றில் இடக்கை முன்னுக்கு இருந்தது. மகனும் இடக்கைக்காரன்.

"நிக்கிற நிலையைப் பாருங்கோ," என்றாள்.

நான் போனைத் திருப்பிக் கொடுத்தேன். சப்பாத்தைக் கழற்றினேன்.

அவன் போன கடல் வேறு, இந்தக் கடல் வேறு. உலகத்தின் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும். அது அவளுக்கும் தெரியும். அவளும் கரையில் பிறந்தவள்தான்.

"படகு உடைஞ்சு, பெரிய கப்பல் ஒண்டு ஏத்தியிருந்தா?" என்றாள். "கப்பல் எங்கையும் போகும்தானே. தலையிலை அடிபட்டிருந்தா பேர் ஊர் மறந்திருக்கும்."

நான் எழும்பிப் போய் அடுப்பை மூட்டினேன். ஆனால் அந்தக் கதை எனக்குள் போய் இருந்துவிட்டது. வேலையில் பாண் தட்டுகள் வரிசையாக வரும். ஒவ்வொரு தட்டுக்கும் பின்னால் அந்தக் காது வந்தது.

அதற்குப் பிறகு அவள்தான் பயணத்துக்கு ஏற்பாடு செய்தாள். மகளுக்குத் தினமும் போன். அதே கப்பல்தானா, அதே ஆட்கள்தானா என்று கேட்டாள். அந்த உதவியாள் பொடியன் எந்தத் தீவில் இருக்கிறான் என்று கேட்டாள். தீவுகளின் பெயரைப் பாடமாக்கினாள். கரியாகு, யூனியன், மேரோ, பெக்கியா, செயின்ட் வின்சென்ட். செபமாலை சொல்லி முடித்த வாயால் அதையும் சொல்வாள். எந்தத் தீவில் எவ்வளவு நேரம் நிற்கும், இறங்கி நடக்கலாமா, சந்தை இருக்கா, கோயில் இருக்கா. ஆட்கள் கூடுகிற இடங்களாகவே கேட்டாள். குளிக்கிற கரைகளைக் கேட்கவில்லை.

மகளுக்குப் புளுகம், சிரிப்பு அடங்கவில்லை. "அப்பா, அம்மா மாறிட்டா. நான் சொன்னன்தானே," என்றாள்.

வீட்டில் கடல் என்ற சொல் திரும்பி வந்தது. ஆனால் நான் பயந்தேன். முன்பு அவன் அலுமாரியில் மட்டும் இருந்தான். இப்போது மேசையில் இருந்தான், படியில் இருந்தான். சோறு போடுகிறபோது அவள் என்னைப் பார்க்காமல் எனக்குப் பின்னால் பார்ப்பாள். நானும் திரும்பிப் பார்ப்பேன். சுவர்தான்.

அங்கே போய், அந்தப் பொடியன் முன்னால் வந்து நின்று, அவன் வேறு ஆள் என்று தெரிந்தால் என்ன ஆகும்? நாலு பக்கமும் தண்ணீர். ஒரு கிழமை அந்தக் கப்பலை விட்டு வர ஏலாது. ஒருமுறை போனவனை இன்னொருமுறை போகக் கொடுக்க வேண்டும்.

வேலை இல்லாத நாளில் இல்ஃபோர்ட்டுக்குப் போனேன். தாய் அந்தப் பொடியனை யாரென்று நினைக்கிறாள் என்று மகளிடம் சொன்னேன்.

அவள் கையில் இருந்த போனைக் கீழே வைத்தாள்.

"அம்மா அதுக்கோ வாறா?"

"ஓம்."

"நீங்கள் என்னப்பா நினைக்கிறியள்?"

"நான் நினைக்க என்ன இருக்கு. போறதுக்கு முதல் அவள் பாக்கட்டும். நடுக்கடலிலை வேண்டாம்."

மகள் கப்பல்காரர்களுக்கு எழுதினாள். உண்மையையே எழுதினாள். அவர்கள் நல்ல சனம். அந்தப் பொடியன் தானே போனில் முகம் காட்டிக் கதைக்கிறேன் என்று சொல்லிவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை, சாப்பாட்டுக்குப் பிறகு. அவனுக்கு அங்கே காலை. மனைவி திருநாளுக்குக் கட்டுகிற சேலை கட்டியிருந்தாள். தலை இழுத்துப் பின்னியிருந்தாள். மகள் போனை ஊறுகாய்ப் போத்தலில் சாத்தி வைத்தாள். மருமகன் என் பக்கத்தில் இருந்தார். பகிடி ஒன்றும் விடவில்லை.

முகம் வந்தது. பின்னால் வெயில். முதலில் கறுப்பாகத்தான் தெரிந்தது. பிறகு அவன் நகர்ந்தான். சிரித்தான். "குட் மார்னிங், ஆன்ட்டி," என்றான்.

மனைவி பார்த்தாள். கண் வெட்டவில்லை.

"சாப்பிட்டானோ எண்டு கேள்," என்றாள்.

மகள் கேட்டாள். பாணும் உப்பு மீனும் என்றான்.

"கருவாடோ?"

"அது மாதிரித்தானம்மா."

"ம்."

அவன் டிரினிடாட் தீவுப் பிள்ளை. தாயின் முன்னோர் மெட்ராஸில் இருந்து கரும்பு வெட்டக் கப்பலில் வந்த சனமாம். தமிழ் ஒன்றும் தெரியாது. கறிவேப்பிலையை மட்டும் தங்கள் வீட்டில் கரப்பிலை என்று சொல்வார்களாம். மருமகன், "ஐயோ, நம்ம ஆளு," என்றார். அவன் காதைத் தொட்டுச் சிரித்தான். இந்தக் காதுக்காகப் பள்ளிக்கூடத்தில் நல்ல அடி வாங்கினேன் என்றான். மகள் எல்லாவற்றையும் தமிழில் சொல்லிக்கொண்டே இருந்தாள். மனைவி கேட்டாளோ தெரியாது.

"வயசு எத்தினையாம்?"

"இருபத்திமூண்டாம்."

மனைவி கையை மடியில் வைத்தாள். விரல்கள் அசைந்தன. செபமாலை இல்லாமல் செபமாலை உருட்டுகிற மாதிரி. கணக்குப் பார்த்தாள். பிறகு விரல்கள் நின்றன.

"தாயைக் கவனமாப் பாக்கச் சொல்லு," என்றாள். "கடலிலை நிக்கேக்கை இடைக்கிடை போன் எடுக்கச் சொல்லு."

மகள் சொன்னாள். அவன் சிரிப்பை விட்டுவிட்டுத் தலையாட்டினான். நீங்கள் கட்டாயம் வாருங்கள், நான் மீன் சுட்டுத் தருகிறேன் என்றான். முகம் போனது.

யாரும் எழும்பவில்லை. மகள் தாயின் கையைப் பிடித்தாள். கப்பல்காரர்களுக்கு வேண்டாம் என்று சொல்லிவிடலாம், ஒரு பிரச்சினையும் இல்லை என்றாள்.

"ஏன் சொல்லவேணும்?" என்றாள் மனைவி. "அந்தப் பிள்ளை வாய் திறந்து வாருங்கோ எண்டு கூப்பிட்டது. போவம்."

அவர்கள் போன பிறகு அவள் சேலை மாற்றாமலே பாத்திரம் கழுவினாள். நான் துடைத்தேன்.

"இஞ்சேருங்கோ. உங்களுக்கு முதலே தெரியும் என்ன?"

"என்ன?"

"உவன் சின்னப் பிள்ளை எண்டு."

"ஓம்."

"படம் பாத்த அண்டைக்கே?"

"ஓம்."

"எங்கட பிள்ளைக்கு இப்ப முப்பத்தாறு," என்றாள். "முப்பத்தாறு வயசு ஆம்பிளை. நான் தெருவிலை, பஸ்ஸிலை, கோயிலிலை எல்லாம் பொடியங்களையே பாத்துக்கொண்டு திரிஞ்சிருக்கிறன். பெரிய ஆக்களை நான் பாக்கேல்லை."

நான் தட்டைத் துடைத்தேன். துடைத்த தட்டையே திரும்பத் துடைத்தேன்.

போன சனிக்கிழமை பயணச் சாமான் வாங்க வால்தம்ஸ்டோச் சந்தைக்குப் போனோம். அவளுக்கு ஒரு தொப்பி, எனக்கு ரப்பர்ச் செருப்பு. காற்று அடித்தது. திரும்புகிறபோது உடுப்புக் கடைக்காரரின் மேசைக்கு முன்னால் நின்றாள். கிறிஸ்மஸுக்கு இன்னும் எவ்வளவோ மாதம் இருந்தது. நீலச் சேட்டு ஒன்றை எடுத்தாள். காலரைத் திருப்பிப் பார்த்தாள். மீடியம். திரும்ப வைத்தாள். வேறொன்று எடுத்து என் முதுகில் பிடித்துப் பார்த்தாள். நான் அசையாமல் நின்றேன். அவள் கை என் தோளில் இருந்தது. என்னை அவள் அளக்கவில்லை. அது தெரிந்தது.

"இதிலும் பெரிசு எடுப்பம்," என்றாள். "இப்ப வயிறு வைச்சிருக்கும். உங்கட வம்சம்தானே."

"என்ரை வயித்தை ஏன் இழுக்கிறாய்?"

"பொய்யோ?"

கடைக்காரர் எனக்கு அது பெரிதாக இருக்கும் என்று சைகை காட்டினார். பரவாயில்லை என்றேன்.

பெட்டி கட்டியாகிவிட்டது. அந்தச் சேட்டு மேலே இருக்கிறது, என் உடுப்புகளுக்கு மேலே. ஏன் என்று நான் கேட்கவில்லை. உப்புத் தண்ணீரில் உடுப்புக் காயாது, ஒன்று கூடுதலாக இருந்தால் நல்லதுதான்.

பெட்டி வாசலுக்கு உள்ளே நடைவழியில் நிற்கிறது. நடைவழி ஒடுக்கம். வேலைக்குப் போகிறபோதும் வருகிறபோதும் தட்டுப்படாமல் விலகிப் போகிறேன். ஆள் நிற்கிற மாதிரி.