முதலில் அப்பா உட்கார வேண்டும்

சகுனம், ராகுகாலம், பல்லி விழும் பலன் எல்லாவற்றையும் கேலி செய்வதற்கென்றே எங்கள் வீட்டில் ஒருவர் இருந்தார். அவர் என் அப்பா. அத்தை வந்து இறங்கினால் போதும், வேண்டுமென்றே அவள் கண்ணெதிரே செவ்வாய்க்கிழமையில் நகம் வெட்டுவார். அப்பேர்ப்பட்ட மனிதர் ஒரு வருஷம் திடீரென்று தாடி வளர்க்க ஆரம்பித்தார்.

எனக்கு அப்போது எட்டு வயது. முடிச்சூரில் ஒரு புது ஃபிளாட்டில் இருந்தோம். காலையில் அப்பா என்னைப் பள்ளியில் இறக்கிவிட்டு, ஸ்கூட்டரைத் தாம்பரம் ஸ்டேஷனில் நிறுத்திவிட்டு ரயிலேறுவார். பின்சீட்டில் உட்கார்ந்து போகிறவனுக்கு உலகமே அப்பாவின் பிடரிதான். மாதம் ஒருமுறை வழவழவென்று ஆகிவிடும் அந்தப் பிடரியில் முடி மண்டி, சட்டைக் காலருக்குள் இறங்கி, வெயில் நாளில் வேர்க்குருவும் சேர்ந்துகொண்டது. முகத்தைச் சாய்த்தால் குத்தியது. எனக்குத் தும்மல் வந்தது.

காரணம் கேட்டவர்களுக்கெல்லாம் அப்பா ஆளுக்கொரு கதை சொன்னார். ஆபீசில் வேண்டுதல் என்றார். கீழ்வீட்டு அங்கிளிடம் தோலில் அலர்ஜி என்றார். அம்மா அந்தச் சமயம் பிள்ளையுண்டாகி இருந்தாள். எனக்குத் தம்பியோ தங்கையோ வரப்போவது தெரியும். ஆனால் அதற்கும் தாடிக்கும் முடிச்சுப்போட எனக்குத் தெரியவில்லை.

இதில் எனக்கு வேறொரு கஷ்டம் இருந்தது. எனக்குச் சவரக்கத்தி என்றால் குலை நடுங்கும். முதன்முதலாகச் சலூனுக்குப் போன அன்று, கழுத்தோரம் வழிக்கக் கத்தியை விரித்ததும் நான் போட்ட கூச்சலில் தெருவே கூடிவிட்டதாம். அப்பாதான் என்னை இறக்கிவிட்டுத் தான் உட்கார்ந்து, கழுத்தைக் குனிந்து காட்டி வழித்துக்கொண்டார். "பாத்தியா, ஒண்ணுமே இல்ல" என்று சிரித்தார். அதற்குப் பிறகுதான் நான் சம்மதித்தேன். அன்றிலிருந்து அது எங்கள் சட்டம். முதலில் அப்பா உட்கார வேண்டும், "ஒண்ணுமே இல்ல" என்று சொல்ல வேண்டும், பிறகு நான்.

தாடி வருஷத்தில் அந்தச் சட்டம் முறிந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சலூனில், "இன்னைக்கு நீ மட்டும் வெட்டிக்கோடா" என்றார் அப்பா. நீ உட்காராமல் நான் உட்கார மாட்டேன் என்று சுவரைப் பிடித்துக்கொண்டேன். சலூன் அண்ணனுக்கு எங்கள் வழக்கம் அத்துப்படி. அப்பா ஏதோ விளையாட்டுக்குப் பிகு பண்ணுகிறார் என்று நினைத்து, அவரைத் தோளைப் பிடித்து நாற்காலியில் அழுத்தி, பிடரியில் தண்ணீரைப் பீய்ச்சிவிட்டார். பிளேடை உடைத்துக் கத்தியில் செருகி, கிட்டே கொண்டுபோனதுதான் தாமதம், அப்பா துள்ளி எழுந்து, போர்த்திய துணியோடு முடிச்சூர் ரோட்டுக்கே ஓடிவிட்டார். பஸ் ஸ்டாப்பில் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு மானம் போயிற்று.

"இன்னா சார், புது பிளேடு சார் இது!" என்று கத்தியும் கையுமாக அண்ணன் பின்னாலேயே போனார். அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் அவருக்கு ஏதோ உறைத்திருக்க வேண்டும். குரலை இறக்கி, "வூட்ல மாசமா கீறாங்களா?" என்றார்.

அப்பா தலையசைத்தார்.

"சொல்லக் கூடாதா சார்? நான் பாட்டுக்குக் கத்திய எடுத்துகினு வன்ட்டேன்" என்று அண்ணன் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து அம்மாவைக் குடைந்தேன். வயிற்றில் பாப்பா இருக்கும்போது அப்பாக்கள் முடி வெட்டக் கூடாது, சவரம் பண்ணக் கூடாது என்று ஒரு வழக்கம் உண்டாம். நான்தான் வெட்டிக்கச் சொல்றேன், கேட்டால்தானே என்று அம்மா அலுத்துக்கொண்டாள். ஊருக்குத்தான் உபதேசம், அப்பாவுக்கு அத்தையிடம் உள்ளூர பயம் என்று நான் தீர்மானித்துக்கொண்டேன். என் கழுத்திலும் முடி வளர்ந்தது. தகப்பனும் பிள்ளையும் கரடிகளாக ஸ்கூட்டரில் போய்வந்தோம்.

பாப்பா அவசரக்காரி. நாள் கூடுவதற்கு முன்பே பிறந்துவிட்டாள். அம்மா வீட்டுக்கு வந்துவிட்டாள், பாப்பா ஆஸ்பத்திரியிலேயே கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தாள். அத்தை வந்து சமைத்தாள். பிறந்துதான் ஆயிற்றே, இனிமேல் எடுத்தால் என்ன என்று அத்தையே சொல்லிப் பார்த்தாள். அப்பா தாடியை எடுக்கவில்லை. ஆபீஸ் விட்டு நேராக ஆஸ்பத்திரிக்குப் போய், கண்ணாடிக்கு வெளியே நின்றுவிட்டு வருவார். சாப்பிட உட்கார்ந்தால் சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பார். வீட்டில் யாரும் உரக்கப் பேசவில்லை. எனக்கும் பயமாக இருந்தது, எதற்கென்று தெரியாமலே.

ஒரு நாள் மத்தியானம், பச்சைத் துண்டில் சுற்றிய ஒரு சின்ன மூட்டையோடு அப்பா படியேறி வந்தார். மூட்டையை அம்மாவின் மடியில் வைத்தார். அது கொட்டாவி விட்டது. அத்தை திருஷ்டி கழிக்க மிளகாயும் உப்பும் எடுக்க ஓடினாள். அப்பா அதைக் கேலி செய்யவில்லை. என்னைப் பார்த்து, "டேய், செருப்பப் போடு" என்றார்.

சலூன் அண்ணன் எங்களைப் பார்த்ததும் ஒன்றும் கேட்காமல் நாற்காலியைத் துடைத்தார். தலைமுடியைக் குறைத்து, தாடியை எடுத்து, கடைசியில் கழுத்துக்கு வந்தார். அன்றைக்கு அவருக்கும் அவசரமில்லை. வெந்நீரில் துண்டை நனைத்துப் பிடரியில் போட்டு ஊற வைத்தார். பிரஷ்ஷால் நுரையைக் குழைத்துத் தடவினார். இடது கையால் தோலை இழுத்துப் பிடித்துக்கொண்டு, காதுக்குப் பின்னாலிருந்து கத்தியை மெல்ல இறக்கினார். சர் சர் என்ற சத்தம் மட்டும் கேட்டது. நுரையோடு முடி போன இடத்தில் அப்பாவின் பழைய கழுத்து வெளியே வந்தது.

பாதியில் அண்ணன் கத்தியை விலக்கிக்கொண்டார். குனிந்திருந்த அப்பாவின் தோள்கள் குலுங்கின. அண்ணன் சுவர்ப் பக்கம் திரும்பி, டிவியின் சத்தத்தைக் கூட்டிவிட்டுக் காத்திருந்தார்.

"வலிக்குதாப்பா?" என்றேன்.

"இல்லடா. சுகமா இருக்கு" என்றார். குரல் மூக்கடைத்தது போல இருந்தது. பிறகு எங்கள் சட்டப்படி சொல்ல வேண்டியதையும் சொன்னார். "பாத்தியா, ஒண்ணுமே இல்ல."

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஏறி உட்கார்ந்து கழுத்தைக் குனிந்தேன். கத்தி பட்டதே தெரியவில்லை. படிகாரம் மட்டும் கொஞ்சம் சுள்ளென்றது. திரும்பி வரும்போது பவுடர் மணத்த அந்தப் பிடரியில் கன்னத்தை வைத்துக்கொண்டு, வழி முழுக்க எடுக்கவேயில்லை. அவ்வளவு சந்தோஷமாக நான் எங்கேயும் போய்வந்ததாக ஞாபகமில்லை.

போன மாதம், தங்கை அம்மாவின் பழைய போனில் ஒரு படத்தைக் கண்டுபிடித்தாள். பச்சைத் துண்டு மூட்டையோடு தாடி அப்பா. "யாரும்மா இந்தச் சாமியார்?" என்று அவள் சிரிக்க, நானும் அத்தைக்குப் பயந்த கதையைச் சொல்லிச் சிரித்தேன். அப்பா கடைக்குப் போயிருந்தார். அம்மா சிரிக்கவில்லை.

"உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல ஒண்ணு இருந்துச்சு. ஆறாம் மாசம் தங்காமப் போயிடுச்சு" என்றாள். "அதுக்கு முந்தின ஞாயித்துக்கிழமதான் உன்ன மொதத் தடவ சலூனுக்குக் கூட்டிட்டுப் போனார். கத்தியப் பாத்து நீ கத்தினியே, அன்னைக்கு. அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லன்னு டாக்டர் எவ்வளவோ சொன்னாங்க. அவரும் தலைய ஆட்டினார்."

அதற்குப் பிறகும், தாடி வருஷம் வரைக்கும், மாதம் தவறாமல் அப்பா எனக்கு முன்னால் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். கத்திக்குக் கழுத்தைக் குனிந்து கொடுத்துவிட்டு, நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்து, ஒண்ணுமே இல்ல என்று ஒவ்வொரு தடவையும் சொன்னார். ஒன்றுமே இல்லை என்றுதான் நானும் நம்பிக்கொண்டிருந்தேன்.