கறுப்புச் சட்டைக்குள் மயில் நீலம்

இன்றைக்குப் புத்தளத்தில் ஒரு பிரா வாங்க ஐந்தாறு கடை ஏறி இறங்கினேன்.

என் அளவைச் சொன்னால், தோல் நிறத்தில் தலையணை உறை மாதிரி ஒன்றைத்தான் எடுத்துப் போடுகிறார்கள்.

என் மனுசன் இருந்தவரைக்கும் எனக்கு இந்தக் கஷ்டம் தெரியாது. மீன் வலையின் கண் அளவு சரிபார்க்கப் பழைய வலைத்துண்டைக் கடைக்குக் கொண்டுபோவது போல, என் பழைய பிராவைப் பையில் சுற்றிக் கொழும்புக்குக் கொண்டுபோவார். வெட்கப்படாமல் விரித்துக் காட்டி, லேஸ் வைத்ததாய்ப் பார்த்து வாங்கி வருவார்.

அவர் தவறி இன்னும் ஆண்டு முடியவில்லை. கறுப்புத்தான் உடுக்கிறேன்.

கடைசிக் கடையில் நானும் அவரைப் போலவே, அவர் வாங்கித் தந்த பழைய சிவப்பை விரித்தேன்.

விற்கிற பிள்ளை என் சட்டையைப் பார்த்துவிட்டு, "துக்கம்தானே அக்கா, கறுப்புல எடுக்கட்டா?" என்றாள்.

"வெளிய கறுப்பு ஊருக்கு, மகள். உள்ளுக்கு என்ட மனுசனுக்கு. அவருக்குக் கறுப்புப் புடிக்காது."

அவள் சிரித்துக்கொண்டே ஏணியில் ஏறி, மேல் தட்டிலிருந்து மயில் நீலத்தில் ஒன்று எடுத்துத் தந்தாள். லேஸும் இருந்தது. அளவும் கச்சிதம்.

இப்போது அதைத்தான் போட்டிருக்கிறேன். மாமி பேஸ்புக்கில் இல்லை, அதனால்தான் இங்கே எழுதுகிறேன். ஆனால் மச்சாள்மார் நீங்கள் இருக்கிறீர்கள். மாமியிடம் வாயைத் திறக்காதவர்களுக்கு மட்டும் கடை எது என்று சொல்வேன்.