மூன்று பேராகப் போகக்கூடாது

சித்தூரிலிருந்து திருப்பதி எவ்வளவு தூரம்? பஸ்ஸில் ஏறி ஒரு தூக்கம் போட்டு எழுந்தால் வந்துவிடும். போன வாரம் அந்தத் தூரத்துக்கு எங்கள் வீட்டில் மூன்று நாள் திட்டம் போட்டோம்.

திருப்பதி மாப்பிள்ளை வீட்டார் வந்து என் மகள் கீதாவைப் பார்த்தார்கள். பிடித்திருக்கிறது என்றார்கள். இனி நாங்கள் போய் அவர்கள் வீட்டைப் பார்ப்பது முறை. கார் என் மச்சான் முருகனுடையது. ஓட்டுவதும் அவன்தான்.

முதல் நாள், நேரம். ஞாயிறு பன்னிரண்டு மணிக்கு எமகண்டம்... அதற்குள் அவர்கள் வாசலில் நிற்க வேண்டும். இரண்டாம் நாள், வழி. காணிப்பாக்கம் பிள்ளையாரைப் போகும்போது கும்பிடுவதா, வரும்போதா? போகும்போதே. காரியம் முடிந்தபிறகு அவரிடம் என்ன வேலை?

மூன்றாம் நாள்தான் என் மனைவி ஆட்களை எண்ணினாள்.

"நானு, நீங்க, முருகன்... ஐயோ, மூணு பேரு! நல்ல காரியத்துக்கு மூணு பேரா போவக்கூடாதே."

நாலாவது ஆளுக்கு எங்கே போவது? என் அண்ணனுக்கு மூட்டு வலி. எதிர்வீட்டு அம்மாவை அழைத்துப் போனால் நாங்கள் திரும்புவதற்குள் செய்தி திரும்பிவிடும்.

கீதா ஆஸ்பத்திரி லேபில் வேலை செய்கிறாள். அப்போதுதான் டியூட்டி முடிந்து வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"நாலாவது நான் வரேன்" என்றாள்.

முருகன் பதறிவிட்டான். "பொண்ணே போயி மாப்ள ஊட்ட பாக்கறதா? ஊரு சிரிக்கும். துன்னுக்கினு இருக்கறவ கம்முனு துன்னு!"

"அப்ப மூணு பேரா போ மாமா."

"உனக்கு அங்க இன்னா வேல?"

"கல்யாணத்துக்கு அப்புறம் நான் வேலைக்குப் போலாமான்னு கேக்கணும். நைனா கேக்க மாட்டாரு. பந்தியில இன்னொரு கரண்டி ரசமே கேக்க மாட்டாரு அவரு."

உண்மைதான். நேரம், வழி, தலைக்கணக்கு... நம் வீடுகளில் எல்லாவற்றுக்கும் திட்டம் இருக்கும். போய் என்ன கேட்பது என்பது மட்டும் யாருக்கும் தோன்றாது.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"வரட்டுமே" என்றேன். அந்த வாரம் நான் பேசியது அவ்வளவுதான்.

போனோம். காபி வந்தது. கீதா கேட்டாள்.

மாப்பிள்ளை தன் அம்மாவைப் பார்த்தார். அந்த அம்மா தன் வீட்டுக்காரரைப் பார்த்தார். அவர் என்னைப் பார்த்தார். நான் காபியைப் பார்த்தேன்.

"உத்யோகம் எந்துக்கும்மா, எதுக்கு?" என்றார் மாப்பிள்ளையின் அப்பா. "நாங்க சோறு போட மாட்டமா?"

"சோறு எங்க ஊட்லயே இருக்குதுங்க." கீதா என் பக்கம் திரும்பினாள். "கெளம்பலாம் நைனா."

அவள் சொல்லி முடிப்பதற்குள் நான் எழுந்துவிட்டேன். காபி பாதியில் நின்றது.

சந்திரகிரி தாண்டியதும் முருகன் ஆரம்பித்தான். "பாத்தியாக்கா? நல்ல எடம் பூடுச்சி. அடுத்த வரனுக்குப் போவும்போது இவள ஊட்லயே உட்டுட்டுப் போலாம்."

அதுவரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்த என் மனைவி திரும்பினாள்.

"அடுத்த தபா நீ ஊட்ல இரு. நாங்க மூணு பேரும் பஸ்ஸுல போய்க்கிறோம்."

பிறகு சித்தூர் வரும்வரை காரில் யாரும் வாயைத் திறக்கவில்லை. முருகனுக்குக் கோபம். எனக்கு எப்போதும் கூச்சத்தில் பேச்சு வராது... அன்றைக்குச் சந்தோஷத்தில் வரவில்லை.