நான் கூட்டி எழுதிய எட்டு மாதங்கள்

என் மேசை லாச்சியில், சமாதான நீதவான் முத்திரைக்குப் பக்கத்தில், ஒரு நெருப்புப் பெட்டி இருக்கிறது. அதற்குள் பஞ்சு, பஞ்சின் மேல் அரை மாத்திரை. பிளேடால் வெட்டிய பக்கம் மஞ்சளாகத் தொடங்கிவிட்டது. இந்த வகை மருந்தைச் சீட்டில் பெயருள்ள நோயாளியைத் தவிர வேறு யாரும் வைத்திருக்கக் கூடாது. மிஞ்சினால் கொடுத்த இடத்திலேயே ஒப்படைக்க வேண்டும். இதை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. றக்வானைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து ஒபிசில் முப்பத்துநான்கு வருடம் இருந்து, பெரிய கிளாக்கராக ஓய்வு பெற்றவன் நான். அடையாள அட்டை, மரணச் சான்றிதழ், சேமலாப நிதி, பெயர்த் திருத்தம் என்று எந்தக் கடதாசிக்கும் எந்தக் கதவு, எந்த ஜன்னல், எந்தக் கிழமை என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். தொழிலாளர் குடியிருப்பான லயத்து ஆட்கள் மட்டுமல்ல, கீழே கிராமத்துச் சிங்களவர்களும் “கிளாக்கர் மஹத்தயா” என்று கேட்டைத் தட்டுவார்கள். நடைமுறை தெரியாத உலகத்தில் நடைமுறை தெரிந்தவனுக்குக் கிடைக்கிற மரியாதை எனக்குக் குறைவில்லாமல் கிடைத்தது. அந்த மரியாதையைப் பற்றியும் இதில் எழுத வேண்டியிருக்கிறது.

மாத்திரை என் மருமகளுடையது. தங்கச்சியின் ஒரே மகள். நான் படித்து ஸ்டாப் குவாட்டர்சுக்குப் போனேன். தங்கச்சி லயத்தில் நின்று கொழுந்து பறிக்கப் போனாள். அவளுடைய புருஷன் கொழும்பில் ஒரு கடையில் நின்றான், பிறகு கடையோடு சேர்ந்து அவனும் காணாமல் போனான். பிள்ளை பிறந்தது ஓர் ஆவணி மாதம், லயத்துக் காம்பிராவிலேயே. மழைக்குப் பாதை மூடிக் கிடந்ததால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முடியவில்லை. அந்தக் குழப்பத்தில் பிறப்பும் பதியப்படவில்லை. மற்றவர்களுடைய பதிவுகளுக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்த எனக்குச் சொந்தத் தங்கச்சி பிள்ளையின் பதிவு நான்கு வருடம் கழித்துத்தான் ஞாபகம் வந்தது.

ஞாபகம் வரக் காரணம் பிள்ளை மடுவத்து ஆயா. தாய்மார் மலைக்கு ஏறும்போது சின்னப் பிள்ளைகளை விட்டுப்போகிற இடம் அது. ஒரு நாள் காலை அந்த ஆயா மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டு ஒபிஸ் வாசலில் வந்து நின்றாள். பிள்ளையின் இடுப்பில் சேலைத் துண்டு ஒன்று கட்டியிருந்தது. அதன் மறுமுனை ஆயாவின் கையில்.

“ஐயா, முப்பது பிள்ளைய நான் பாத்துக்குவேன். இந்த ஒன்ன பாக்க முப்பது ஆயா வேணுங்க. நேத்து தண்ணிக் கான்ல இருந்து தூக்கினேன், முந்தாநாள் தேயில ஸ்டோர் மெசின்கிட்ட இருந்து தூக்கினேன். நாளைக்கு எங்க இருந்து தூக்கணுமோ. எனக்கு வேணாம் சாமி.”

பிள்ளையை வைத்துக்கொள்ள ஆளில்லையென்றால் தங்கச்சிக்கு வேலையில்லை. பாடசாலையில் சேர்த்துவிட்டால் மத்தியானம் வரைக்கும் பிரச்சினை தீரும். ஆனால் முதலாம் வகுப்புக்கு ஜனவரிக்குள் ஐந்து வயது முடிந்திருக்க வேண்டும். இவளுக்கு நாலரைகூட ஆகவில்லை. பதிவே இல்லாத பிள்ளைக்கு எந்தத் திகதியையும் எழுதலாம் என்பது எனக்கு அந்த நிமிடத்தில் மிக வசதியாகப் பட்டது. காலங்கடந்த பதிவுக்கான கடிதத்தை நானே தட்டச்சு செய்தேன். வாக்குமூலத்தையும் அறிவிப்பவர் என்ற இடத்தில் நானே கொடுத்தேன். தோட்டத்துத் துரை படிக்காமல் கையெழுத்துப் போட்டார்; படிக்காமல் போடும்படி அவரைப் பழக்கி வைத்திருந்தவனும் நான்தான். ஆவணியில் பிறந்தவள் அதே வருடம் ஜனவரி பன்னிரண்டாம் திகதி பிறந்தவளானாள். எட்டு மாதம். தோட்டத்தில் இதை யாரும் குற்றமாக நினைப்பதில்லை. வேலைக்குப் பேர்போடுவதற்கு வயதைக் கூட்டுவதும், வேறொன்றுக்குக் குறைப்பதும் லயத்தில் சேலையை இறக்கிக் கட்டுவது மாதிரி. தங்கச்சி எனக்கு ஒரு சீப்பு வாழைப்பழம் கொண்டுவந்து தந்தாள்.

பாடசாலை அவளைப் பத்து வருடம் தண்டனையாக வாங்கிலின் மேல் ஏற்றி நிறுத்தியது. பதினைந்தாம் வயதில், அதாவது என் கடதாசியின்படி பதினைந்தில், ஒரு புது டீச்சர் அவளைக் குழந்தைகள் மனநலக் கிளினிக்குக்கு அனுப்பினார். எந்த ஊர் ஆஸ்பத்திரி என்று எழுதப்போவதில்லை. எழுதினால் விளக்கம் கேட்டுக் கடிதம் வரும், அதன் நடைமுறையும் எனக்குத் தெரியும். அங்கிருந்த டொக்டர் அம்மா சிங்களவர், நடுத்தர வயது, எல்லாப் பிள்ளையையும் மகளே, மகனே என்று, “துவ” என்றும் “புத்தே” என்றும் கூப்பிடுவார். மூன்று தடவை வரச் சொல்லிப் பார்த்து, ஏ.டி.எச்.டி. என்று கொப்பியில் எழுதினார். அவளுடைய தாய்க்கும் எனக்கும் அதுவரை அது குறும்பு, சோம்பல், கொழுப்பு, சில நாள்களில் செய்வினை. மாத்திரை தொடங்கிய இரண்டாவது வாரம் மருமகள் என் வீட்டுக்கு வந்தாள். ஒரு தட்டுச் சோற்றை எழும்பாமல் உட்கார்ந்து சாப்பிட்டு முடித்தாள். அவள் அப்படிச் சாப்பிட்டு நான் பார்த்ததே இல்லை.

“மாமா, கொழுந்து நிறுக்கிற எடத்துல எல்லாரும் ஒரே நேரத்துல கத்துவாங்கல்ல, அந்த மாதிரிதான் தலைக்குள்ள இருந்துச்சு. இப்ப கணக்கப்பிள்ளை ஒவ்வொருத்தரா பேர் சொல்லிக் கூப்புடுறாரு” என்றாள்.

சாதாரண தரப் பரீட்சையில் சித்தியடைந்தாள். உயர்தரத்தில் புவியியல் எடுத்தாள். தோட்டத்தின் ஒவ்வொரு மலையையும் கானையும் சமவுயரக் கோடு போட்டு வரைந்து லயத்துச் சுவரில் ஒட்டினாள். சர்வேயர் படத்தில் உள்ள ஒரு பிழையை எனக்குக் காட்டினாள். மூன்று பாடம் சித்தியடைந்தால் தோட்டப் பாடசாலைக்கு உதவி ஆசிரியையாக விண்ணப்பிக்கலாம். தங்கச்சியின் கூடையை இறக்கி வைக்க அந்த வீட்டில் வேறு வழி கிடையாது.

உயர்தரப் பரீட்சை தள்ளிப்போய்க்கொண்டிருந்த காலம் அது. கடைசியில் ஓகஸ்ட் என்றார்கள். ஜனவரி மாதக் கிளினிக்கில் டொக்டர் அம்மா கொப்பியின் முன்பக்கத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

“துவவுக்கு இந்த மாதம் பதினெட்டு முடிகிறது. இனி நான் பார்க்க முடியாது. பெரியவர்களுடைய கிளினிக்குக்குக் கடிதம் தருகிறேன்” என்றார் சிங்களத்தில். பிறகு என் பக்கம் திரும்பி, “ஏழெட்டு மாதம் சின்னவளாக இருந்திருந்தால் பரீட்சை முடியும்வரை நானே கொண்டுபோயிருப்பேன் மஹத்தயா” என்றார். ஒரு மாத மாத்திரையும் கடிதமும் தந்தார். நான் தலையாட்டினேன்.

திரும்பும் பஸ்ஸில் மருமகள் ஜன்னல் பக்கம் இருந்தாள். வளைவுகளை எண்ணிக்கொண்டு வந்தவள் நடுவில் நிறுத்தினாள்.

“மாமா, நான் நெசமா ஆவணிலதானே பொறந்தேன்? அம்மா ஆவணிலதான் கோயில்ல என் பேருக்கு அர்ச்சன வைக்கும்.”

“ஆமா.”

“அப்ப நெசத் தேதியச் சொன்னா அந்த டொக்டரே மருந்து குடுப்பாங்களா?”

வழி இருந்தது. பிறப்புப் பதிவைத் திருத்தலாம். அதற்கு முதலில் பொய்யாக அறிவித்தவன் முன்வந்து, பொய் சொன்னேன் என்று சத்தியக் கடதாசி கொடுக்க வேண்டும். அது முடியும்வரை காத்திருக்கக்கூடத் தேவையில்லை. அந்தக் கடதாசியின் பிரதியோடு மறுநாளே டொக்டர் அம்மாவின் முன் போய் நின்றிருந்தால், அவர் மனம் இரங்கியிருப்பார் என்று எனக்கு அப்போதே தெரியும். அப்போது நான் சமாதான நீதவானாகி ஆறு வருடம். கேட்டில் பெயர்ப்பலகை. பொய் வாக்குமூலம் கொடுத்தவனுடைய முத்திரை எத்தனை நாள் அவனிடம் இருக்கும் என்பதும், அதற்குப் பிறகு என்ன வழக்கு வரும் என்பதும் எனக்குத் தெரிந்த நடைமுறைகளில் அடக்கம்.

“அதுக்கெல்லாம் வழியில்ல புள்ள. பதிஞ்சது பதிஞ்சதுதான்” என்றேன்.

“மாமா சொன்னா சரிதான்” என்று மறுபடியும் வளைவுகளை எண்ணத் தொடங்கினாள்.

அதற்குப் பிறகு நான் அலைந்த அலைச்சலை யாராவது பார்த்திருந்தால், மருமகளுக்காக உயிரைக் கொடுக்கிற மாமன் என்று சொல்லியிருப்பார்கள். சொன்னார்கள்தான். பெரியவர்களுடைய கிளினிக்கில் ஓர் இளம் டொக்டர் கடிதத்தைப் பாதி படித்துவிட்டு மடித்தார். இது சின்னப் பிள்ளைகளுக்கு வருகிற வியாதி, வளர்ந்தால் போய்விடும், இந்த மருந்தைப் பெரியவர்களுக்குத் தான் எழுதுவதில்லை என்றார். மருமகள் சுத்தமான சிங்களத்தில் கேட்டாள்: “எப்ப போகும் டொக்டர்? பொறந்த நாள் காலைலயா, சாயங்காலமா?” வரிசையில் இருந்த ஒரு கிழவி சிரித்துவிட்டாள். டொக்டர் சிரிக்கவில்லை. கொப்பியில் ஏதோ எழுதினார். வெளியே வந்து பார்த்தேன், எதிர்த்துப் பேசுகிறாள் என்று எழுதியிருந்தது. வியாதி சின்னதிலிருந்தே இருப்பதற்கு அத்தாட்சியாக முதலாம் வகுப்பு ரிப்போர்ட்டும் வேண்டுமாம். அதைத் தேடித் தோட்டப் பாடசாலைக்குப் போனேன். பழைய ரிப்போர்ட்டுகள் இருந்த அலுமாரியில் கறையான் இருந்தது.

சனிக்கிழமைகளில் கொழும்பிலிருந்து வருகிற ஒரு டொக்டரை இரத்தினபுரியில் தனியாகக் காசு கட்டிச் சனல் பண்ணினோம். நல்ல மனிதர். வளர்ந்தாலும் இது போகாது, மருந்து வேண்டும் என்று அவரே சொன்னார், மருந்துத் துண்டும் எழுதினார். அந்தத் துண்டோடு ஏறிய மருந்துக் கடைகளில் ஒன்றில்கூட அந்த மாத்திரை இல்லை. கடைசிக் கடைக்காரர் துண்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்து, “அங்கிள், இது அரசாங்க ஆஸ்பத்திரியிலதான் குடுப்பாங்க. வெளியில கேட்டுத் திரியாதீங்க, வேற மாதிரி நினைப்பாங்க” என்றார். அடுத்த சனிக்கிழமை டொக்டர் அதே பெரியவர்கள் கிளினிக்குக்கு, மருந்து கொடுக்கலாம் என்று ஒரு கடிதம் தந்தார். நாங்கள் கொண்டுபோனபோது அந்த இளம் டொக்டர் மாற்றலாகிப் போயிருந்தார். புதியவர் எப்போது வருவார் என்று தாதிக்கும் தெரியாது. ஓப்பநாயக்கவில் ஒருவர் இருக்கிறார் என்றார்கள். இருந்தார், பல் டொக்டர். ஒவ்வொரு பயணத்துக்கும் நான் ஒரு பைல் நம்பர் போட்டு வைத்தேன். மருமகள் பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து தூங்குவாள். அந்தப் பைலில் சேராத ஒரு கடதாசி எது என்று எனக்கு மட்டும் தெரியும்.

அவள் அந்த ஒரு மாத மாத்திரையைத் தொடவில்லை. பரீட்சை நாள்களுக்கென்று வைத்துக்கொண்டாள். அதற்கு முதல் இரண்டு மூன்று நாள் பழகிக்கொள்ள வேண்டுமென்று தானாகவே முடிவுசெய்து, கைதவறிக் கானில் கொட்டியது போக மிஞ்சியதைப் பிளேடால் பாதி பாதியாக வெட்டினாள். இடையில் இருந்த மாதங்களில் அடுப்பில் வைத்த சோறு கருகியது, புத்தகங்கள் பஸ்ஸில் போயின, தாயோடு தினமும் சண்டை. ஒரு நாள் தங்கச்சி என்னிடம், “அண்ணே, இவ பழையபடி ஆயிட்டா. சேலையில கட்டி வைக்கிற வயசும் இல்ல” என்றாள். திகதியைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருக்கலாம்.

கடைசிப் பரீட்சை புவியியல். மாலையில் அவள் நேராக என் வீட்டுக்கு வந்து, சட்டைப் பையிலிருந்து கடதாசிச் சுருள் ஒன்றை எடுத்து மேசையில் வைத்தாள். பிரித்தால் அரை மாத்திரை.

“காலைல போட மறந்துட்டேன் மாமா” என்று சிரித்தாள். “மறக்காம இருக்கத்தான் மருந்து. அத மறந்துட்டேன்.”

மூன்று மணித்தியாலத்தில் இரண்டை ஒரே வரைபடத்துக்குக் கொடுத்திருந்தாள். அழகாக வந்தது என்றாள். ஐந்து கேள்வியில் ஒன்றரைதான் எழுதினாள். மற்ற இரண்டு பாடத்திலும் சாதாரண சித்தி, புவியியலில் சித்தியில்லை. பரீட்சை முடிந்து இரண்டாவது வாரம் ஆவணி அர்ச்சனை வந்தது. அன்றுதான் அவளுக்கு உண்மையில் பதினெட்டு.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகவே எழுதுகிறேன். இரண்டாம் முறை பரீட்சைக்கு விண்ணப்பித்தாள், போகவில்லை. தையல் பெக்டரியில் ஐந்து மாதம், பெல்மதுளையில் ஒரு புடவைக் கடையில் மூன்று மாதம். கடைசியில் வீட்டுவேலைக்கு வெளிநாடு. அதற்கும் ஒரு குறைந்த வயது உண்டு; நான் எழுதிய ஜனவரி பன்னிரண்டு அவளை அந்த வயதுக்கு எட்டு மாதம் முந்தியே கொண்டுபோய்ச் சேர்த்தது. பிறப்புச் சான்றிதழின் போட்டோகொப்பியில், மூலப்பிரதியுடன் ஒப்பிட்டுச் சரி பார்க்கப்பட்டது என்று கையெழுத்திட்டு முத்திரை குத்தியவனும் நான்தான். ஒப்பிட்டேன். சரியாகத்தான் இருந்தது. போகும்போது மாத்திரையை நெருப்புப் பெட்டியில் போட்டுத் தந்தாள். டொக்டர் துண்டு இல்லாமல் ஏர்போட்டில் பிடிப்பார்கள் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். “நீங்க வச்சிக்கங்க மாமா. வந்து எடுத்துக்கிறேன்.”

அவள் போன முதல் வருடத்தில் ஒரு நாள் உட்கார்ந்து அந்தச் சத்தியக் கடதாசியை எழுதினேன். எழுதி முடித்த பிறகுதான் உறைத்தது: இப்போது நான் உண்மையைச் சொன்னால் அவளுடைய பாஸ்போட் பொய்யாகிவிடும். கிழித்தேன்.

இன்று காலை கிராமத்துப் பெண்ணொருத்தி சான்றிதழ் ஒன்றை உறுதிப்படுத்த வந்து விறாந்தையில் உட்கார்ந்திருந்தாள். முத்திரைக்காக லாச்சியை இழுத்தபோது நெருப்புப் பெட்டி உருண்டு முன்னால் வந்தது. அதே நேரம் போனில் மருமகளின் குரல் செய்தி.

“மாமா, எண்ணெய் பட்டு கை வெந்துருச்சு, பெருசா இல்ல, அடுப்ப மறந்துட்டேன். அம்மாகிட்ட சொல்லாதீங்க. ஆஸ்பத்திரில நிக்கிறேன், இங்க பொறந்த தேதி கேக்குறாங்க. பாஸ்போட் மேடம்கிட்ட இருக்கு. எனக்கு ரெண்டும் கொழம்பிப் போச்சு. எந்தத் தேதி மாமா சொல்லணும்?”

வரிசையில் நின்று கேட்கிறாள், தாமதிக்க முடியாது. ஜனவரி பன்னிரண்டு என்று எழுதி அனுப்பினேன். உடனே ஒரு கட்டைவிரல் படம் வந்தது.

நெருப்புப் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு மூடி, பழைய இடத்திலேயே வைத்தேன். பிறகு முத்திரையை ஊதா மையில் அழுத்தி, வெளியே காத்திருந்தவளைக் கூப்பிட்டேன்.