நார்தி அப்பாவின் தாய் அங்க்லுங்

எங்கள் மலையூர் சிஹாவுரில் தலைப்பிள்ளை பிறந்ததும் தகப்பனின் பெயர் மறைந்துபோகும். மகள் நார்தி பிறந்ததும் சர்பின் என்பவனும் அப்படித்தான் நார்தி அப்பா ஆனான். நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசத் தெரியாதவன். விதைப்பு நாளில் மட்டும் ஆளே வேறு. தாய் அங்க்லுங் அவன் கையில்தான் இருக்கும். சட்டத்தில் தொங்கும் அந்தப் பருத்த மூங்கில் குழாய்களை அவன் குலுக்கினால் நம் அடிவயிறு அதிரும். அவன் தொடங்கினால்தான் சின்ன அங்க்லுங்குகள் தொடங்கும். அவன் நிறுத்தினால் அவையும் ஓய்ந்துவிடும்.

விதைப்பன்று நெல் தெய்வம் போஹாச்சிக்குக் கல்யாணம். ஆண்கள் கோலால் மலைப் புனத்தில் குழி குத்திக்கொண்டே போக, பெண்கள் பின்னால் நெல் போடுவார்கள். கடைசிக் குழி மூடும்வரை தாய் அங்க்லுங் ஓயக்கூடாது. அது ஒலித்துக்கொண்டிருக்கும்வரை எந்த ஆணும் கோலைக் கீழே வைக்கக்கூடாது. நடுவில் நின்றால் கல்யாணம் முறிந்தது, ஊருக்கே பட்டினி. இதை நார்தி அப்பா பால்குடி மறக்குமுன்பே கேட்டு வளர்ந்தவன்.

அந்த வருஷம் நார்திக்கு மாப்பிள்ளை பேசி முடித்திருந்தார்கள். குழி குத்துகிற வரிசையில் அவனும் இருந்தான்.

"கண்ணு அவன் மேல இருக்கு, நெல்லு வெளிய விழுது பாருடி!" என்றாள் ஒருத்தி.

"விழுந்தா உனக்கென்ன, உங்க வீட்டு நெல்லா?" என்று சிரித்தபடி குனிந்த நார்தி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். சருகு நிறத்தில் ஒரு விரியன். கணுக்காலில் இரண்டு பல் பதிந்திருந்தது.

அவள் அம்மா மிஸ்னா, அவன் நின்று குலுக்கிக்கொண்டிருந்த மேட்டைப் பார்த்து ஓடினாள்.

"நார்தி அப்பா! புள்ளைய பாம்பு கடிச்சிருச்சு! நிறுத்துங்க! நாலு ஆம்பளைங்க தூக்குனாத்தான் ஆஸ்பத்திரிக்குப் போவ முடியும்!"

ரோடும் ஆஸ்பத்திரியும் உள்ள ஊர் அரை நாள் நடை. அவன் மகளைப் பார்த்தான். பிறகு பூசாரி தார்சாவைப் பார்த்தான்.

"மேட்டுத் துண்டு மட்டும்தான் பாக்கி. பச்சிலை வச்சுக் கட்டுங்க, புள்ள தாங்கிடும்," என்றார் தார்சா. கெட்ட மனிதர் இல்லை. "ஊர்ப் புள்ளைங்களையும் நெனச்சுப் பாரு, நார்தி அப்பா."

"உங்க புள்ளையா இருந்தா இப்படிச் சொல்லுவீங்களா?" என்று மிஸ்னா கத்தினாள்.

அவன் கை நிற்கவில்லை. கண்ணீர் வழிய வழிய இன்னும் வேகமாகக் குலுக்கினான். தான் வேகமாகக் குலுக்கினால் அவர்களும் வேகமாகக் குத்தி முடிப்பார்கள் என்று நினைத்தான், பாவி. அதைத் தவிர வேறொன்றும் அவன் புத்திக்கு எட்டவில்லை.

கடைசிக் குழி மூடியதும் அவளைத் துணித் தூளியில் கிடத்தி, கழியில் கட்டித் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். வழியிலேயே உடம்பு குளிர்ந்துவிட்டது.

"ஊசி இருக்கே, கொஞ்சம் முன்னாடியே கொண்டாந்திருக்கக் கூடாதா?" என்றாள் ஆஸ்பத்திரி நர்ஸ்.

அந்த வருஷம் கதிர் சாய்ந்து விளைந்தது. ஊரே அவனைக் கையெடுத்துக் கும்பிட்டது. மிஸ்னா அந்த அரிசியில் உலை வைக்கவில்லை; கிழங்கு அவித்துப் போட்டாள். ஊர் அவனை நார்தி அப்பா என்றே கூப்பிட்டுக்கொண்டிருந்தது. வேறு எப்படிக் கூப்பிடும்?

அடுத்த விதைப்பில் தாய் அங்க்லுங்கை மறுபடி அவன் கையில் கொடுத்தார்கள். குழி வரிசை போன வருஷம் நார்தி உட்கார்ந்த இடத்துக்கு வந்ததும் அவன் நிறுத்தினான். எல்லா அங்க்லுங்குகளும் ஓய்ந்தன. கோல்கள் அந்தரத்தில் நின்றன.

"குடியைக் கெடுத்தியே!" என்று தார்சா தலையில் அடித்துக்கொண்டார்.

"என்னதான் ஆவுதுன்னு பாத்துடலாம்," என்றான் அவன்.

மீதிப் புனத்தை அங்க்லுங் ஓசையில்லாமலே விதைத்து முடித்தார்கள். அதன்பின் அவன் தினமும் புனத்துக்குப் போனான். பூச்சி விழாதா, எலி வராதா, மழை பொய்க்காதா என்று தெய்வத்திடம் கெஞ்சினான். ஊர் பட்டினி கிடக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டவன் அந்த மலையில் அவன் ஒருவன்தான். ஒன்றும் வரவில்லை. நெல் போன வருஷம் போலவே விளைந்தது.

அறுப்பன்று மிஸ்னா முற்றிய கதிர் ஒன்றைக் கிள்ளி அவன் உள்ளங்கையில் வைத்தாள்.

"பாத்தாச்சா, நார்தி அப்பா?" என்று கேட்டாள்.

அவனால் கையை மூட முடியவில்லை.