மூன்றாம் கூப்பாடு

உச்சிப்பொழுதில் யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் உடனே 'என்ன' என்று கேட்டுவிடக் கூடாது. பேய்க்கு இரண்டு தடவைக்கு மேல் கூப்பிட வராது, மூன்றாம் முறையும் கூப்பிட்டால்தான் அது மனிதர். அம்மா எனக்குப் போட்ட சட்டம் இது. உச்சி வெயிலில் நான் தெருவுக்கு ஓடாமல் இருக்கத்தான் போட்டாள். அவளுக்குப் பேய் பயமெல்லாம் கிடையாது. ஆற்றங்கரைச் சுடுகாட்டுப் பாதையில் தனியாக நடந்து வருகிறவள். நானோ எட்டு வயதில் அந்தச் சட்டத்தை உயிராகப் பிடித்துக்கொண்டேன். பள்ளியில் மத்தியானம் பெயர் வாசிக்கும்போதுகூட, டீச்சர் மூன்று தடவை கூப்பிடும்வரை வாயைத் திறக்காமல் இருந்து தலையில் குட்டு வாங்கியிருக்கிறேன்.

அப்போது தச்சநல்லூரில் பெரியப்பா குடும்பமும் நாங்களும் ஒரே வீட்டில் இருந்தோம். பெரியப்பாவுக்கு உடன்குடிக் கருப்பட்டி வாங்கி விற்கிற தொழில். மாடியில் இருந்த ஒரே அறையில் கருப்பட்டிப் பெட்டிகளை அடுக்கி வைத்திருப்பார். அவருடைய மகள்தான் அக்கா. பதினாறு வயது, பதினோராம் வகுப்பு. எனக்குத் தலை பின்னிவிடுவாள், பின்னும்போதே வாய்ப்பாடு கேட்பாள், தப்பாகச் சொன்னால் சடையை இழுப்பாள்.

பெரியம்மாவின் தம்பியான மாமா ஞாயிறுதோறும் பைக்கில் வருவார். அக்கா அவருக்குத்தான் என்று அவள் தொட்டிலில் கிடந்த காலத்திலேயே முடிவு செய்திருந்தார்கள். "கட்டிக்கிடப் போறவன்தான, போயிட்டு வரட்டும்" என்று பெரியம்மாவே அவளைப் பாபநாசத்துக்கு அனுப்பி வைத்தாள். முதல் இரண்டு தடவை துணைக்கு நானும் போனேன். அடுத்த ஞாயிறு மாமா ஒரு பொட்டலம் சீனிச்சேவு கொடுத்து என்னை இறக்கிவிட்டார். எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. பெரியவர்கள் அக்காவைக் கேலி செய்து சிரித்தார்கள். பத்திரமாக இரு என்று ஒரு வார்த்தை சொன்னவர் கிடையாது. எதிலிருந்து பத்திரமாக என்பதைச் சொல்ல வேண்டிய அறிவியல் பாடத்தையோ, 'வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்' என்று அவளுடைய டீச்சர் தாண்டிப் போயிருந்தார்.

பிறகு ஒரு நாள் வீட்டில் எல்லாக் கதவுகளையும் சாத்தி வைத்துக்கொண்டு அழுதார்கள். மறுநாள் அக்கா இல்லை. மெட்ராசுக்குப் படிக்கப் போயிருக்கிறாள் என்றார்கள். அவளுடைய செருப்பு வாசலில் கிடந்தது. புத்தகப் பை ஆணியில் தொங்கியது. மாமாவும் வருவதில்லை. துபாய்க்குப் போய்விட்டாராம். செருப்பில்லாமல் அக்கா எப்படிப் போனாள் என்று கேட்டதற்கு, என்னை ஒருநாளும் அடிக்காத அம்மா கன்னத்தில் அறைந்தாள்.

எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. எதிர்வீட்டுத் தாத்தா இறந்தபோதும் என்னிடம் 'ஊருக்குப் போயிருக்காரு' என்றுதான் சொன்னார்கள். அப்படியானால் அக்காவும் செத்துவிட்டாள்.

அதற்குப் பின் நடந்தவை எல்லாம் அதை உறுதிப்படுத்தின. பாம்பு புகுந்திருக்கிறது என்று கருப்பட்டி அறையைப் பூட்டினார்கள். மத்தியானம் வீடு ஓய்ந்ததும் மேலே பெட்டி நகரும் சத்தம் கேட்கும். யாரோ பைய நடப்பார்கள், நின்று மூச்சு வாங்குவார்கள், மறுபடி நடப்பார்கள். உச்சிப்பொழுதானால் பெரியம்மா வாழை இலையால் மூடிய சோற்றுத் தட்டுடன் மாடிக்குப் போவாள். செத்தவர்களுக்குப் படைப்பது எனக்குத் தெரியாததா? அறையின் ஜன்னலை ஒட்டித்தான் சாமி மாடம். அங்கே திருநீற்றை நிரப்புவது என் வேலை. வெள்ளிக்கிழமை நிரப்பினால் திங்கட்கிழமை கிண்ணம் காலியாக இருந்தது. ஜன்னல் கம்பிகளில் ஐந்து விரல்களின் வெள்ளைத் தடம். வயிற்றில் பிள்ளை இருப்பவர்களுக்குச் சாம்பலும் திருநீறும் தின்னத் தோன்றும் என்பது எனக்குத் தெரியாது. பேய் திருநீற்றைத் தொடாது என்பது தெரியும். அதனால் அக்கா நல்ல பேய் என்று எண்ணிக்கொண்டேன். ஆனாலும் பயத்தில் எனக்குக் காய்ச்சல் வந்தது.

ஒரு நாள் பெரியம்மாவின் குரல் காதில் விழுந்தது. "ஆசுபத்திரிக்குக் கொண்டு போனா போலீசுக்குச் சொல்லிருவாவ. எந்தம்பிய உள்ள வச்சிருவான். இன்னும் மூணு மாசம். பல்லக் கடிச்சிட்டு இருந்தா ஒரு கழுதைக்கும் தெரியாது." அம்மா பதில் சொல்லவில்லை. அந்த வீட்டில் அம்மா பதில் சொல்வது வழக்கமில்லை.

என் தம்பிக்கு ஊசி போட வேண்டிய நாளைச் சொல்ல, ஒரு நாள் உச்சிப்பொழுதில் சுகாதார நிலையத்து நர்ஸ் வந்தார். குடையும் பெரிய நோட்டுமாகத் தெருத் தெருவாக நடக்கிறவர். பெரியம்மா கடைக்குப் போயிருந்தாள். நர்ஸ் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, "பெரியவளக் காணவே முடியலயே?" என்று கேட்டார்.

"அவ மெட்ராஸ்ல படிக்கால்லா" என்றாள் அம்மா.

நர்ஸ் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அவர் குடையை விரித்துக்கொண்டு இறங்கினார். அம்மா கொல்லையில் துணி துவைக்கப் போனாள். கல்லில் துணி அடிக்கும் சத்தம் எழுந்தது. நான் படிக்கட்டுக்குக் கீழே நின்றிருந்தேன்.

"ஏட்டி குட்டி..."

அக்காவின் குரல்தான். ஒரு விரலை மடக்கினேன்.

"ஏ குட்டி... அந்த நர்ஸம்மாவக் கூப்பிடுட்டி. தல தெறிக்கி. கண்ணு மங்குது."

இரண்டாவது விரலையும் மடக்கிக்கொண்டு காத்திருந்தேன். வாசல் வழியே பார்த்தால் நர்ஸின் குடை மூன்றாம் வீட்டைத் தாண்டிக்கொண்டிருந்தது. நான் கத்தினால் திரும்பியிருப்பார். வீடு முழுக்க ஒரு சத்தமும் இல்லை. கொல்லையில்கூட இல்லை. அடுத்த கூப்பாடு வந்தால் பதில் சொல்வது என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கேட் திறந்தது. பெரியம்மா பையுடன் உள்ளே வந்தாள். மேலே குரல் அடங்கிவிட்டது. கொல்லையில் துணி அடிக்கும் சத்தம் திரும்பவும் தொடங்கியது.

பேயை ஜெயித்த பெருமை எனக்குத் தாங்கவில்லை. சாயங்காலம் விளக்கேற்றியதும் அம்மாவிடம் சொன்னேன். "ரெண்டு தடவ கூப்பிட்டுச்சும்மா. நான் பதிலே சொல்லலியே." அம்மா என்னை இழுத்து எலும்பு நோகக் கட்டிக்கொண்டாள். அவள் அழுகை என் தோளை நனைத்தது. மகளின் சமர்த்தை நினைத்து அழுகிறாள் என்று நினைத்தேன்.

மூன்றாம் நாள் உச்சியில் மாடியிலிருந்து தடதடவென்று சத்தம் கேட்டது, பெட்டிகள் சரிந்து விழுவதுபோல. அக்காவுக்கு வலிப்பு. போர்வையில் சுற்றிப் பெரியப்பாவும் வாடகைக் கார் டிரைவரும் தூக்கி இறக்கினார்கள். போர்வைக்கு வெளியே தெரிந்த பாதங்கள் இரண்டும் வீங்கி, அக்காவுடையவை என்று சொல்ல முடியாமல் இருந்தன. மறுநாள் அவளைக் கொண்டுவந்து கூடத்தில் கிடத்தினார்கள். பிள்ளையும் தங்கவில்லை. பின்னாலேயே போலீசும் வந்தது.

வந்தவர்கள் எல்லோரும் நெஞ்சில் அடித்துக்கொண்டு அழ, எனக்கு மட்டும் அழுகை வரவில்லை. எனக்கு அது பழைய சாவு. நர்ஸும் வந்திருந்தார். "பதினாறு வயசு உடம்பு தாங்குமா? மாசா மாசம் பிரஷராவது பாத்திருந்தா..." என்று சொல்லிக்கொண்டே என் தலையைத் தடவினார். அவரைத் தேற்றலாம் என்று நான் சொன்னேன். "அக்கா அப்பமே செத்துட்டா. மேலதான் இருந்தா. நீங்க வந்த அன்னைக்குக்கூட உங்களக் கூப்பிடச் சொன்னா. ரெண்டு தடவதான் கூப்பிட்டா, அதான் நான் பேசல." நர்ஸின் கை என் தலைமேல் அப்படியே நின்றுவிட்டது. கூடத்தில் அழுகைச் சத்தம் ஓய்ந்தது. எல்லோரும் ஏன் என்னை அப்படிப் பார்த்தார்கள் என்று எனக்குப் புரியவில்லை.

இப்போது நான் பெண்கள் பள்ளி ஒன்றில் அறிவியல் நடத்துகிறேன். அந்தப் பாடத்தை ஒரு வரி விடாமல் வகுப்பிலேயே நடத்துவேன். முதல் நாள் தலையைக் குனிந்துகொண்டு சிரிக்கிற பிள்ளைகள், ஒரு வாரம் போனதும் தனியாக வந்து கேட்பார்கள். 'மிஸ்' என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தால் முதல் தடவையே நின்றுவிடுவேன்.

போன ஆவணியில் அம்மா காய்கறி நறுக்கிக்கொண்டிருந்தாள். நான் இதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. பாதிக் கத்தரிக்காயைக் கையில் வைத்துக்கொண்டு அவளாகவே சொன்னாள்: "எனக்கும் கேட்டுச்சுட்டி அன்னைக்கு. ரெண்டு தடவயும் கேட்டுச்சு. மூணாவதும் கூப்பிட்டிருந்தா நானே போயிருப்பேன்."